பொருள்: என்லார்ஜர் லென்ஸ் – தமிழில்?

வணக்கம். இருட்டறை அச்சுக் கையேடு வெள்ளியன்று அச்சகம் போகிறது. நெகட்டிவைத் தாளில் பெரிதாக்கி விழுத்தும் கருவியான என்லார்ஜரின் லென்ஸுக்கு, அதாவது ‘என்லார்ஜர் லென்ஸ்’ என்பதற்கு, ‘உருப்பெருக்கி வில்லை’ என்று போட்டிருக்கிறேன். ஆனால் உருப்பெருக்கி என்றதும் பூதக்கண்ணாடிதான் நினைவுக்கு வரும். இடம் இது (மி.மீ. என்பது லென்ஸின் குவியத்தூரம்): “4×5 அங்குல நெகட்டிவுக்கு 150 மி.மீ. போடுக, 135 மி.மீ. போட்டால் மூலைகள் மங்கலாம்.” மாற்று உண்டா?

> மாற்று உண்டா?

பெருக்குவில்லை. ஊறுகாய் போல வினைத்தொகை, முக்காலத்துக்கும் செல்லும். வில் என்பதற்கு நிகண்டில் ஒளி என்றும் பொருள் உண்டு. ஒளியை வளைக்கும் பொருளுக்கு இதைவிட நல்ல வேர் ஏது?

> நல்ல வேர் ஏது?

ஐயா, சந்தன வில்லை எந்த ஒளியை வளைக்கிறது? வட்டமாக, தட்டையாக இருப்பதால் வில்லை, அவ்வளவே. மேலும், பெருக்கு என்றால் விளக்குமாறுதான் கண்முன் நிற்கும். தட்டச்சில் உகரம் நழுவினால் ‘பெருக்கவில்லை’! ‘படவில்லை’, ‘விரிவில்லை’ என்று யாரும் கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்: லென்ஸ் என்றே விடுங்கள்.

> லென்ஸ் என்றே விடுங்கள்

இலங்கைப் பாடநூல்களில் வில்லைதான். அங்கே யாரும் அதைச் சந்தனம் என்று உரசவில்லை.

சொல் கிடக்கட்டும், அந்த வாக்கியமே அரைகுறை. 4×5 நெகட்டிவில் படப்பரப்பின் மூலைவிட்டம் ஏறத்தாழ 153 மி.மீ.; படவட்டம், அதாவது லென்ஸ் தெளிவாகக் காட்டும் வட்டப்பரப்பு, அதை மூட வேண்டும். பெருக்கம் கூடக்கூட லென்ஸ் நெகட்டிவை நெருங்கும், படவட்டமும் சுருங்கும். 135 மி.மீ. லென்ஸ் 2 மடங்கில் 202 மி.மீ. தள்ளி நிற்கும், 4 மடங்கில் 169 மி.மீ.தான். ஆகவே மூலை மங்குவது பெரிய அச்சில்தான். 135இன் ஆதாயத்தையும் எழுதுங்கள்: 4 மடங்கில் நெகட்டிவிலிருந்து தாளுக்கு 84 செ.மீ. போதும், 150க்கு 94 செ.மீ. வேண்டும். என்லார்ஜரைத் தாங்கும் தூண் குட்டையானால் இதுவே தீர்ப்பு.

எஃப் எண் கூடினால் லென்ஸின் துளை சிறுக்கும்; எஃப்/5.6 லென்ஸை எஃப்/11க்கு மூடுக. எஃப்/22 வரை போனால் விளிம்பு விளைவால் (சிறு துளையில் ஒளி வளைந்து பரவுவதால்) படம் முழுதும் மழுங்கும். மூலை கூர்மையாக இருந்து நடு மட்டும் மங்கினால் லென்ஸைத் திட்டாதீர்கள். விளக்குச் சூட்டில் நெகட்டிவ் உப்பியிருக்கும். நெகட்டிவைக் கண்ணாடிகளுக்கு இடையே தட்டையாகப் பிடிக்கும் கண்ணாடித் தாங்கி போட்டால் சரியாகும்.

> படவட்டம்

அட, இதற்கு ஒருவரும் சண்டைக்கு வரவில்லையே! எடுத்துக்கொண்டேன். மற்றதற்கு ‘உருப்பெருக்கு வில்லை’ என்று முதல் பக்கத்தில் ஒருமுறை, பிறகு ‘லென்ஸ்’. மூவர் சரி என்றுவிட்டார்கள்; வகரம் வருவதால் ஒற்றுச் சண்டையும் மிச்சம்.

> மூவர் சரி

நான்காமவன் சரி என்னவில்லை. பெருக்குவில்லை.