வீட்டு ஒப்பந்த எக்ஸ்சேஞ்ச் இழுபடுகிறது, சொலிசிட்டர் பதில் தருவதில்லை: மாற்றுவதா, முறையிடுவதா?

கேள்வி: மாதுளை

அனைவருக்கும் வணக்கம். நானும் கணவரும் கிழக்கு லண்டனில் ஒரு டெரஸ் வீட்டை வாங்குவதற்கு இந்த ஆண்டின் தொடக்கத்தில் விலை பேசி முடித்தோம். எங்களுக்கு இதுதான் முதல் வீடு. வீடு வாங்கும் சட்டவேலைகளுக்கு, வீட்டு முகவர் கைகாட்டிய சொலிசிட்டர் நிறுவனத்தையே அமர்த்தினோம். முதல் சில வாரங்கள் எல்லாம் ஒழுங்காக நடந்தன. சேர்வே என்ற கட்டடப் பரிசோதனை முடிந்தது, வங்கி வீட்டுக்கடன் தரச் சம்மதிக்கும் மோர்ட்கேஜ் ஓஃபர் கைக்கு வந்தது, வீட்டைப் பற்றிய பதிவுகளை உள்ளூர் கவுன்சில் போன்ற இடங்களில் தேடும் சேர்ச்சுக்குரிய பணத்தையும் கட்டிவிட்டோம்.

அதன் பிறகு எங்கள் கோப்பு யாருடைய கையில் இருக்கிறது என்பதே தெரியவில்லை. நாங்கள் எழுதும் மின்னஞ்சல்களுக்கு, செய்தி கிடைத்தது என்ற தானியங்கிப் பதிலைத் தவிர வேறொன்றும் வருவதில்லை. தொலைபேசியில் கேட்டால், முன்பு கோப்பைக் கவனித்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றும் புதியவர் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார் என்றும் சொல்கிறார்கள். தாமதம் முழுவதும் எங்கள் பக்கத்தில்தான் என்கிறார் வீட்டு முகவர். விற்பவரின் சொலிசிட்டர் பதில் தரவில்லை என்று ஒற்றை வரியில் எழுதுகிறார் எங்கள் சொலிசிட்டர்.

நான் அறிந்தவரை இரண்டு விடயங்கள் தொங்கிக்கொண்டிருக்கின்றன. விற்பவர் சில ஆண்டுகளுக்கு முன் லொஃப்டில், அதாவது கூரைக்குக் கீழுள்ள இடத்தில், ஓர் அறை கட்டியிருக்கிறார். அதற்குக் கட்டட விதிகளின்படி பெறவேண்டிய நிறைவுச் சான்றிதழ் இல்லை. மற்றையது எங்கள் முன்பணம். அதில் ஒரு பகுதி சேமிப்பு, ஒரு பகுதி சீட்டு எடுத்த காசு, மீதி கனடாவிலுள்ள அண்ணா அனுப்பியது. அதற்குரிய கடிதங்கள் சிலவற்றை ஏற்கெனவே கொடுத்தோம், ஆனால் அவை போதுமானவையா என்று யாரும் சொல்லவில்லை.

மோர்ட்கேஜ் ஓஃபர் அடுத்த மாத இறுதியில் காலாவதியாகிறது. வீட்டை மீண்டும் சந்தையில் போடப்போவதாக விற்பவரும் சொல்லியனுப்பியிருக்கிறார். இந்தக் கட்டத்தில் சொலிசிட்டரை மாற்றினால் நிலைமை சீராகுமா? விற்பவர் உண்மையிலேயே விலகிவிட முடியுமா? முறையிடுவதென்றால் யாரிடம் முறையிடுவது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

பதில்: பனங்கூடல்

சகோதரி, வீடு கைமாறும் சட்டவேலைகளைச் செய்யும் அலுவலகத்தில் பல ஆண்டுகள் கோப்புகளோடு இருந்தவன் என்ற வகையில் எழுதுகிறேன். இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்றவற்றுக்கான பதில்கள் அதில்தான் தங்கியிருக்கின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒப்பந்தங்கள் கைமாறும் வரை, அதாவது எக்ஸ்சேஞ்ச் நடக்கும் வரை, எந்தத் தரப்பும் சட்டப்படி கட்டுப்பட்டதல்ல. ஆகவே விற்பவர் விலகலாம், நீங்களும் விலகலாம். அப்படி விலகினால் சேர்ச்சுக்கும் சேர்வேக்கும் கொடுத்த பணம் பெரும்பாலும் போனதுதான். இதே காரணத்துக்காக, எக்ஸ்சேஞ்ச் முடியும் முன் வாடகை வீட்டுக்கு நோட்டீஸ் கொடுத்துவிடாதீர்கள், யார் எவ்வளவு உறுதியாக நாள் சொன்னாலும்.

இப்போது செய்யவேண்டிய முதல் வேலை, கோப்பு எதற்காகக் காத்திருக்கிறது என்பதை எழுத்தில் பெறுவது. "ஏதாவது முன்னேற்றம் உண்டா" என்று கேட்டால் "விற்பவர் பக்கத்துக்காகக் காத்திருக்கிறோம்" என்றுதான் பதில் வரும். அப்படிக் கேட்காமல், எக்ஸ்சேஞ்சுக்கு முன் முடியவேண்டியவை எவை, அவை ஒவ்வொன்றும் யாரிடம் நிற்கின்றன, கடைசியாக எந்தத் திகதியில் அவரிடம் கேட்கப்பட்டது என்று எழுதுங்கள். சேர்ச் முடிவுகள் எல்லாம் வந்துவிட்டனவா, நீங்கள் எழுப்பிய வினாக்களில் எவற்றுக்குப் பதில் இல்லை, பணத்தின் மூலம் பற்றிய சரிபார்ப்பு முடிந்ததா, வங்கிக்கு அறிவிக்கவேண்டியது ஏதும் உண்டா என்ற நான்கும் அந்த மின்னஞ்சலில் இருக்கட்டும். அதன் பிரதியை அந்தப் பிரிவுக்குப் பொறுப்பான பார்ட்னருக்கும் அனுப்புங்கள். அவருடைய பெயர், உங்களை வாடிக்கையாளராக ஏற்றபோது அவர்கள் அனுப்பிய முதற் கடிதத்திலேயே இருக்கும்.

நீங்கள் சொன்னவற்றை வைத்துப் பார்த்தால், என் மனம் பணத்தின் மூலத்தின் மேல்தான் போகிறது. 2017ஆம் ஆண்டின் பணச் சலவைத் தடுப்பு விதிகளின் கீழ், வாங்குபவரின் பணம் எங்கிருந்து வந்தது என்பதில் சொலிசிட்டர் திருப்தியடைய வேண்டும். அது முடியாமல் அவர் எக்ஸ்சேஞ்ச் செய்யமாட்டார். நம்மவர்களின் வீட்டுக் கோப்புகள் அதிகமாக நிற்பது இந்த இடத்தில்தான். சீட்டு என்றால் என்னவென்றே தெரியாத ஓர் இளம் அலுவலரின் மேசையில், ஒரே நாளில் கணக்குக்கு வந்த பெருந்தொகை ஒன்று விளக்கமில்லாமல் கிடக்கும். அதை யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் அவர் கோப்பை ஒதுக்கி வைத்துவிடுவார்.

ஆகவே அவர்கள் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். எத்தனை பேர் சேர்ந்த சீட்டு, மாதம் எவ்வளவு கட்டினீர்கள், எந்த மாதத்தில் எடுத்தீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி, சீட்டைப் பிடித்தவரின் கையொப்பக் கடிதத்தையும், மாதாந்தக் கட்டணம் உங்கள் கணக்கிலிருந்து போனதைக் காட்டும் வங்கி அறிக்கைகளையும், முழுத்தொகை வந்த அறிக்கையையும் அடையாளமிட்டுச் சேர்த்து அனுப்புங்கள். எல்லாம் கைக்காசாகவே புழங்கியிருந்தால் சிரமந்தான். அப்போது அந்தப் பகுதியை விட்டுவிட்டு, நிரூபிக்கக்கூடிய வேறு பணத்தைத் தேடுவதே வேகமான வழி.

அண்ணாவின் பணத்துக்கு, அது கடனல்ல, அன்பளிப்பு என்பதும், வீட்டில் அவருக்கு எந்த உரிமையும் இல்லை என்பதும் தெளிவாக எழுதப்பட்ட கடிதமும், அவருடைய அடையாள ஆவணமும், அந்தப் பணம் அவருடைய கணக்கில் எப்படிச் சேர்ந்தது என்பதைக் காட்டும் அறிக்கைகளும் வேண்டும். பணம் வங்கியிலிருந்து வங்கிக்கு வந்திருக்க வேண்டும். வங்கிக்கு வெளியே ஆள்மூலம் அனுப்பும் உண்டியலில் வந்திருந்தால் அதன் தடயத்தைக் காட்ட முடியாது. மோர்ட்கேஜுக்கு விண்ணப்பித்தபோது முன்பணத்தில் அன்பளிப்பு இருப்பதை வங்கியிடம் சொன்னீர்களா என்பதையும் உங்கள் மோர்ட்கேஜ் புரோக்கரிடம் இன்றே உறுதிசெய்யுங்கள். சொல்லாதிருந்தால், சொலிசிட்டர் அதை வங்கிக்கு அறிவித்துப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டிவரும்.

பதில்: நெய்தல்

மேலே சொல்லப்பட்டவற்றோடு எனக்கு உடன்பாடுதான், ஆனால் சொலிசிட்டரை மாற்றவே கூடாது என்ற முடிவுக்கு நீங்கள் வந்துவிடக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எங்கள் வீட்டை வாங்கும்போது இதே நிலைதான். வாரக்கணக்கில் பதிலில்லாமல் இருந்தபின் வேறு நிறுவனத்துக்கு மாறினோம். புதியவர் கோப்பைப் படித்த அன்றே, விற்பவரின் தரப்பு அனுப்பிய பதில்கள் பழைய அலுவலகத்தில் யாராலும் திறந்து பார்க்கப்படாமலே கிடந்தன என்று சொன்னார். அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

மாறுவதானால் கவனிக்க வேண்டியவை உண்டு. புதிய நிறுவனம் உங்கள் வங்கியின் பட்டியலில் உள்ளதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் வங்கி அவர்களை ஏற்காது. பழைய நிறுவனம் அதுவரை செய்த வேலைக்குரிய கட்டணம் தீரும் வரை கோப்பைக் கொடுக்காமல் வைத்திருக்க அதற்கு உரிமை உண்டு, ஆகவே கணக்கைக் கேட்டு முடித்துவிடுங்கள். அடையாளச் சரிபார்ப்பும் பணத்தின் மூலச் சரிபார்ப்பும் மீண்டும் முதலிலிருந்து நடக்கும். சேர்ச் முடிவுகளைப் பெரும்பாலும் கொண்டுபோகலாம், ஆனால் வீடு கைக்கு வரும் நாளில் அவை ஆறு மாதத்துக்கு மேல் பழையனவாக இருக்கக்கூடாது என்பது வங்கிகளின் வழமையான நிபந்தனை. முகவர் சொன்னவரையே அமர்த்த வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை. அப்படி அனுப்பிவைப்பதற்கு முகவருக்குக் கட்டணம் கொடுக்கப்பட்டிருந்தால், அதை உங்களுக்குச் சொல்வது சொலிசிட்டரின் கடமை.

பதில்: பனங்கூடல்

நெய்தல் அவர்களின் அனுபவம் உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் மாதுளையின் மோர்ட்கேஜ் ஓஃபர் அடுத்த மாதம் முடிகிறது. புதிய நிறுவனம் கோப்பைப் பெற்று, படித்து, மறுபடி சரிபார்த்து எழுந்து நிற்பதற்குள் அந்த நாள் கடந்துவிடும். இடைப்பட்ட வழி ஒன்று உண்டு: நிறுவனத்தை விட்டுப் போகாமல், கோப்பை அனுபவமுள்ள வேறொருவரிடம் மாற்றும்படி பார்ட்னரிடம் எழுத்தில் கேட்பது. முதல் சரிபார்ப்புகள் அப்படியே இருக்கும், கையாள்பவர் மட்டும் மாறுவார். அதற்கும் ஒரு வாரத்துக்குள் அசைவு இல்லையென்றால், நெய்தல் சொல்வதுதான் சரி.

ஓஃபரை நீட்டித்துத் தரும்படி புரோக்கர் மூலம் வங்கியை இப்போதே கேளுங்கள், காலாவதியாகும் வாரத்தில் அல்ல. சில வங்கிகள் குறுகிய காலத்துக்கு நீட்டும். சில, சம்பளச் சீட்டுகளை மீண்டும் கேட்டு வட்டி வீதத்தையும் மாற்றும். வங்கியிலிருந்து கடன் பணத்தை வரவழைக்கவும் சொலிசிட்டருக்குச் சில வேலை நாட்கள் வேண்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

லொஃப்ட் அறை பற்றி ஓர் எச்சரிக்கை. சான்றிதழ் இல்லாத இடத்தில் விற்பவரின் செலவில் ஈட்டுக் காப்புறுதி எடுத்துத் தருவது வழக்கம். அது முடியும் முன் நீங்களோ உறவினரோ கவுன்சிலை அழைத்து அந்த அறையைப் பற்றி விசாரித்தால், காப்புறுதி நிறுவனம் அதைத் தரமறுக்கும். இதைத் தெரியாமல் நல்லெண்ணத்தோடு ஒரு தொலைபேசி அழைப்பை எடுத்து, எளிய வழியை அடைத்துவிட்டவர்களைக் கண்டிருக்கிறேன். அதேவேளை, அந்தக் காப்புறுதி கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் செலவைத்தான் பார்க்குமேயொழிய, தரை தாங்குமா, படிக்கட்டு தீ விபத்தின்போது பாதுகாப்பானதா என்பதற்கு உத்தரவாதமல்ல. பிள்ளைகளை அந்த அறையில் படுக்கவைக்க எண்ணினால், கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவரைக் கொண்டு பார்த்துவிடுங்கள்.

மாதுளை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடி எழுதி, பார்ட்னருக்கும் பிரதி அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. லொஃப்ட் காப்புறுதிக்கு விற்பவர் முன்னரே சம்மதித்துவிட்டாராம். நின்றுகொண்டிருந்தது சீட்டுப் பணமும், அண்ணாவின் வங்கி அறிக்கையும்தான். கேட்டு எழுதியதாக அவர்கள் சொல்லும் மின்னஞ்சல் எங்களுக்கு வரவேயில்லை. கோப்பையும் மூத்தவர் ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறார். இன்னும் ஒன்று கேட்டிருக்கிறார்கள்: உலகில் வேறெங்காவது எங்கள் பெயரில் வீடு உண்டா என்று. யாழ்ப்பாணத்தில் சீதனமாக என் பெயரில் எழுதிய வீடு ஒன்று இருக்கிறது. அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பதில்: கார்த்திகைப்பூ

நேரடித் தொடர்பு உண்டு, அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வீடு வாங்கும்போது அரசுக்குக் கட்டும் முத்திரை வரியில் முதல்முறை வாங்குபவருக்கான சலுகை, உலகில் எங்கும் ஒருபோதும் வீடு வைத்திராதவருக்கு மட்டுமே. இருவர் சேர்ந்து வாங்கினால் இருவருக்கும் அந்தத் தகுதி இருக்க வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் இங்கிலாந்தில் அந்தச் சலுகை முதல் 3,00,000 பவுணுக்கு வரி இல்லை என்பதாகவும், விலை 5,00,000 பவுணைத் தாண்டினால் சலுகையே இல்லை என்பதாகவும் இருக்கிறது. அதைவிட முக்கியமானது, யாழ்ப்பாண வீட்டின் இன்றைய பெறுமதி 40,000 பவுண் அல்லது அதற்கு மேல் என்றால், புதிய வீட்டுக்கு 5 வீத மேலதிக வரியும் வரக்கூடும். பெறுமதியை அங்குள்ள மதிப்பீட்டாளர் ஒருவரிடம் எழுத்தில் பெற்று இப்போதே கொடுங்கள். வரிப் படிவமும் பணமும் வீடு கைக்கு வந்த 14 நாட்களுக்குள் போகவேண்டும் என்பதால், கடைசி வாரத்தில் இந்தத் தொகை தெரியவந்தால் முழுக் கொள்வனவும் ஆட்டங்காணும்.

முறைப்பாட்டைப் பொறுத்தவரை, முதலில் நிறுவனத்துக்கே முறைப்பாடு என்று குறிப்பிட்டு எழுத வேண்டும். அவர்களுக்கு எட்டு வாரம் உண்டு. பதில் திருப்தி தராவிட்டாலும், அந்த எட்டு வாரத்துக்குள் பதிலே வராவிட்டாலும், லீகல் ஓம்பட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பு அமைப்புக்குப் போகலாம், கட்டணம் இல்லை. நிறுவனத்தின் இறுதிப் பதில் கிடைத்து ஆறு மாதத்துக்குள்ளும், தவறு நடந்து அல்லது அது தெரியவந்து ஓராண்டுக்குள்ளும் போகவேண்டும். தாமதம், பதில் தராமை போன்ற சேவைக் குறைபாடுகளுக்கு இழப்பீடு வழங்கும்படி உத்தரவிடுவது அந்த அமைப்புதான். நேர்மையீனம், பண மோசடி போன்றவற்றுக்குத்தான் சொலிசிட்டர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான எஸ்ஆர்ஏ. அது சேவைக் குறைபாட்டுக்கு இழப்பீடு தராது. கொள்வனவு நடந்துகொண்டிருக்கும்போதே முறையிடலாம், ஆனால் இப்போது கோப்பு அசையத் தொடங்கியிருப்பதால், அழைத்த நாட்களையும் பெற்ற பதில்களையும் குறித்து வைத்துக்கொண்டு, சாவி கைக்கு வந்தபின் எழுதுவதே நல்லது என்பது என் கருத்து. அடுத்த ஆளுக்காகவாவது கட்டாயம் எழுதுங்கள்.

பதில்: பனங்கூடல்

இரண்டு சிறிய விடயங்கள் மட்டும். வழமையான ஒப்பந்த நிபந்தனைகளின்படி எக்ஸ்சேஞ்ச் நாளிலிருந்தே வீட்டுக்கு நேரும் சேதம் வாங்குபவரின் பொறுப்பு, ஆகவே கட்டடக் காப்புறுதி சாவி கிடைக்கும் நாளிலிருந்து அல்ல, அந்த நாளிலிருந்தே தொடங்க வேண்டும். மற்றது, முன்பணத்தை அனுப்பும் நேரத்தில் "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று சொலிசிட்டரின் பெயரில் மின்னஞ்சல் வந்தால் ஒரு பவுண்கூட அனுப்பாதீர்கள். மின்னஞ்சல்களை இடையில் புகுந்து படிக்கும் மோசடிக்காரர்கள் காத்திருப்பது அந்த நாளுக்காகத்தான். உங்களுக்கு அனுப்பியதாக அவர்கள் சொல்லும் ஒரு மின்னஞ்சல் வந்துசேரவில்லை என்று நீங்கள் சொல்வதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: முதற் கடிதத்தில் அச்சிட்டிருக்கும் தொலைபேசி எண்ணை அழைத்து, கணக்கு எண்ணை வாய்விட்டு வாசித்து உறுதிசெய்த பிறகே பணத்தை அனுப்புங்கள்.