மறு: கேவிட்டி வேக்ஸ் – பொந்து மெழுகா, ஊர்மெழுகா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

காரின் மூடிய தகட்டுச் சட்டங்களுக்குள் துருப் பிடிக்காமல் இருக்க அடிக்கிற 'கேவிட்டி வேக்ஸ்' என்ற மெழுகுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை நான்கு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பதில் எழுத முடியாமல் போனதற்குக் காரணமும் இதே மெழுகுதான். அப்பா 1977இல் வாங்கிய அம்பாசிடர் மார்க் 3, தூத்துக்குடியில் ஒரு பட்டறையில் கதவுகள் கழற்றப்பட்டு நிற்கிறது. பகலில் அங்கே, இரவில்தான் மடல்கள்.

> எங்கட பக்கம் துரு என்பது பாடப்புத்தகத்தில்தான். வாயில் வருவது கறள். மொரிஸ் மைனர் கார் வைத்திருப்பவர்களுக்காக எழுதும் குறிப்பில் 'கறள் தடுப்பு மெழுகு' என்று போடலாமா?

யாழ்ப்பாண நண்பருக்கு: கறளை விட்டுவிடாதீர்கள், அது அருமையான சொல். துரு, கறள் இரண்டையும் தலைச்சொல்லாகவே வைக்கலாம் என்பது என் கட்சி. செம்புக்குக் களிம்பு என்று தனியாக ஒரு சொல்லும், பழைய இரும்புக் கிட்டத்துக்குச் சித்த மருத்துவத்தில் மண்டூரம் என்று இன்னொன்றும் வைத்திருக்கிற மொழிக்கு, இரண்டு சொல் அதிகமில்லை.

ஆனால் 'தடுப்பு மெழுகு' போதாது. ரெட் ஆக்சைடும் துருவைத் தடுப்பதுதான், அடியில் அடிக்கிற தார்ப்பூச்சும் அதற்குத்தான், நாகமுலாமும் (துத்தநாகப் பூச்சு) அதற்குத்தான். எல்லாமே தடுப்பு என்றால் பட்டறையில் எந்த டப்பாவை எடுப்பது? இந்த மெழுகுக்கு மட்டும் உரிய குணம் என்னவோ, அது பெயரில் வர வேண்டும். அந்தக் குணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இழையில் சிலர் இதைக் காருக்கு மேலே தேய்க்கிற பாலிஷ் என்று நினைத்துக்கொண்டு சொல் தேடுவது போலத் தெரிகிறது.

அம்பாசிடருக்கும் மொரிஸ் மைனருக்கும் தனியாகச் சேஸி, அதாவது உடலைத் தாங்கும் அடிச்சட்டம், கிடையாது. (சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு உண்டு, ஹெரால்டு வைத்திருக்கும் கோவை அன்பர் இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளலாம்.) தகட்டுக் கூடுதான் எலும்பும் தோலும். தகடோ ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். அதற்குப் பலம் வருவது மடித்து, இன்னொரு மடிப்போடு சேர்த்து, புள்ளிப் புள்ளியாக வெல்டு வைத்துப் பெட்டி போல மூடுவதால். கதவுக்குக் கீழே, ஏறும்போது கால் படுகிற இடத்தில், முன்சக்கர வளைவிலிருந்து பின்சக்கர வளைவு வரை ஓடும் நீளச் சட்டம் அப்படிப்பட்டதுதான். உள்ளே வெற்றிடம். பெயிண்ட் அடிப்பவரின் துப்பாக்கி அதற்குள் போகாது. இரண்டு தகடுகள் ஒட்டும் விளிம்புக்கு நடுவே எந்தப் பூச்சும் போகாது.

ஆனால் தண்ணீர் போகும். கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாகக் கதவுக்குள் இறங்கும், சக்கரம் வாரியடிக்கும் சேற்றோடு சட்டத்துக்குள் ஏறும். வெளியே வடிய அடியில் துளைகள் உண்டு. சேறு காய்ந்து அவற்றை அடைத்துவிடும். மழையே இல்லாவிட்டாலும் இரவில் தகடு குளிரும்போது உள்ளே பனி வியர்க்கும். எங்கள் ஊரில் உப்பு வேறு. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினாலே சோற்றுப்பு தானாக நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதிகூட வேண்டாம். ஆக, உப்பளக் காற்று உள்ளே படிந்த சட்டம் கோடையிலும் முழுதாகக் காய்வதில்லை. துருவுக்கு இரும்பை விடக் கனஅளவு பல மடங்கு அதிகம். அது ஊதி ஊதித் தகட்டின் மடிப்பைப் பிரிக்கும், பிரிந்த இடுக்கில் இன்னும் நீர் ஏறும். வெளியே பெயிண்டில் ஒரு சின்னக் கொப்புளம் தெரிகிற அன்று, உள்ளே வேலை முக்கால்வாசி முடிந்திருக்கும்.

இங்கேதான் மெழுகு. கரைப்பானில் கரைத்த மெழுகோடு துருவை மட்டுப்படுத்தும் மருந்தும் சேர்ந்திருக்கும். நீளக் குழாயின் நுனியில் சுற்றிலும் துளை போட்ட மூக்கு. அதைச் சட்டத்துக்குள் கடைசி வரை நுழைத்து, அடித்துக்கொண்டே பின்னால் இழுக்க வேண்டும். அடித்ததும் எண்ணெய் போல ஓடும். மடிப்புகளின் இடுக்கில் திரியில் எண்ணெய் ஏறுவது போலத் தானாக ஏறும். கரைப்பான் ஆவியானதும் மெழுகு மட்டும் நிற்கும், ஆனால் இறுகாது. இறுகாததுதான் அதன் பலம். தார்ப்பூச்சு வருடக்கணக்கில் காய்ந்து வெடித்து, வெடிப்புக்குள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே கறுப்பாகப் பளபளக்கும், கீழே தகடு இருக்காது. மெழுகு அப்படி ஏமாற்றாது. பழைய என்ஜின் ஆயிலை அடிக்கும் வழக்கமும் இதே யோசனைதான், ஆனால் ஆயில் வடிந்து போய்விடும், பழைய ஆயிலில் அமிலமும் இருக்கும்.

இனி சொற்கள்.

> ஊர்ந்து போவதால் 'ஊர்மெழுகு'. ஊர்தி என்ற சொல்லோடும் பொருந்தி வரும்.

ஐயா, பொருத்தம் அழகு. ஆனால் எழுதிக் காட்டியதும் எங்கள் டிங்கரிங் அண்ணன் கேட்டது: "எந்த ஊரு மெழுகு சார்?" வினைத்தொகையை விளக்கிக்கொண்டிருந்தால் வெல்டிங் நடக்காது.

> தோணிக்குச் செய்வது போலத்தானே இது? 'கலப்பற்று' என்ற பழைய சொல்லை மீட்கலாமே.

இது என் ஊர்ச் சொல் என்பதால் ஆசையாகத்தான் இருக்கிறது. தோணியின் பலகைகளுக்கு இடையே பஞ்சைத் திணித்து அடைப்பது கலப்பற்று. ஆனால் அது அடைப்பு வேலை. காரில் அதற்கு நேரானது தகட்டு இணைப்பில் வெளிப்பக்கம் இழுக்கிற பசை, சீம் சீலர் என்கிறார்களே, அது. அதற்குக் கலப்பற்று என்றே வைத்துவிடலாம், இப்போதே வழிமொழிகிறேன். மெழுகு அடைப்பதில்லை, படர்வது.

> 'உட்குழிவு மெழுகு'

குழிவு என்றால் தட்டின் குழிவு போல மேலே திறந்த பள்ளம்தான் நினைவுக்கு வருகிறது. இது மூடிய வெற்றிடம்.

> 'பொந்து மெழுகு'

இதற்குத்தான் நான் முதலில் கை தூக்கினேன். எளிய சொல், மரப்பொந்து எல்லோருக்கும் தெரியும். இன்னும்கூட எனக்குப் பகை இல்லை. ஆனால் பொந்து என்பது ஏற்கெனவே ஆகிவிட்ட ஓட்டை. காரில் அந்த வெற்றிடம் பழுதல்ல, வடிவமைப்பு. பழுது அதற்குள் தொடங்குவது.

போன வியாழக்கிழமை அண்ணன் இடப்பக்கச் சட்டத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். டங், டங் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் மொத்தென்றது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். மேலே பெயிண்ட் ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது, ஸ்க்ரூடிரைவர் பிடி வரை உள்ளே போனது. "மேல நல்லாத்தான் சார் இருக்கு. உள்ள புரையோடிப் போச்சு."

அதுதான் சொல். நான்கு நாளாக நாம் அகராதியில் தேடியது அவர் வாயில் இருந்தது. புரை என்றால் உட்டுளை, குழல் போன்ற வெற்றிடம். குற்றம் என்றும் பொருள். வள்ளுவர் 'புரைதீர்ந்த நன்மை' என்பது இந்த இரண்டாவது பொருளில். புண் வெளியே ஆறி உள்ளே சீழ் ஓடினால் புரையோடியது என்கிறோம். மூடிய இடம், உள்ளிருந்து தொடங்கும் கேடு என இரண்டையும் இரண்டே எழுத்தில் வைத்திருக்கும் சொல் வேறு எனக்குத் தெரியவில்லை.

ஆகவே என் முன்மொழிவு: மூடிய சட்டத்தின் உள்வெற்றிடம் புரை. உள்ளிருந்து தின்று வரும் துரு புரைத்துரு, யாழ்ப்பாணத்தில் புரைக்கறள். உள்ளே அடிப்பது புரைமெழுகு.

எதிர்ப்பு வரும் என்று தெரியும். சேலம் அம்மா கண்புரையைக் கொண்டு வருவார்கள். கண் மருத்துவத்தில் அந்தச் சொல் இருந்துவிட்டுப் போகட்டும், மெழுகு என்று சேர்ந்த பிறகு யாரும் கண்ணில் ஊற்றப் போவதில்லை. புரையேறுதலைச் சொல்லி யாராவது கேலி செய்யலாம். சோறு தப்பான குழலுக்குள் போவதுதானே புரையேறுவது? மெழுகு சரியான குழலுக்குள் போகிறது, அவ்வளவுதான்.

பிடித்த துருவின் மேல் தடவும் 'ரஸ்ட் கன்வர்ட்டர்', அதாவது துரு மாற்றி, பற்றி இழையில் வந்த கேள்விக்குச் சுருக்கமாக: அதில் உள்ள டானிக் அமிலம் துருவோடு சேர்ந்து கறுப்பாக மாறும். கடுக்காய்ச் சாறு பட்ட அரிவாள் கறுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் அது தூரிகை எட்டுகிற இடத்துக்குத்தான். 'துரு மாற்றி' என்ற சொல்லில் எனக்குக் குறையில்லை.

நண்பரின் குறிப்பில் சொல் எதுவானாலும் ஒரு வரி தடித்த எழுத்தில் இருக்கட்டும்: வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகே மெழுகு. மெழுகு அடித்த சட்டத்தில் பொறி பட்டால் உள்ளே தீப்பிடிக்கும். அடித்து முடித்ததும் வடிதுளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடவும் வேண்டும், இல்லாவிட்டால் நாமே தண்ணீருக்குத் தொட்டி கட்டியதாக ஆகும். வடிதுளை நானே போட்ட சொல். யாருக்காவது நல்லதாக வேறு இருந்தால் மாற்றிக்கொள்கிறேன். அந்த நீளக் குழாய்க்கு இன்னும் பெயர் இல்லை. பட்டறையில் 'பாம்பு' என்கிறார்கள். அதையே வைக்கலாமா என்று தெரியவில்லை.

சனிக்கிழமை புதுத் தகடு வெல்டிங். அப்புறம் மழை விட்டு இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் அடித்து உள்ளே காய்ந்தால்தான் மெழுகு அடிப்பேன் என்கிறார் அண்ணன். அதற்குள் குழுமம் ஒரு முடிவுக்கு வந்தால், டப்பா மேல் மார்க்கரால் அந்தப் பெயரையே எழுதிவிடுகிறேன்.

அன்புடன்,
தூத்துக்குடியிலிருந்து