டெல்லியில் திங்கட்கிழமை, இரண்டு சின்னக் குழந்தைகளுடன் எங்கே போகலாம்?

கரோல் பாக்கில் தங்கியிருக்கிறோம். மகளுக்கு 5 வயது, மகனுக்கு 2. மிஞ்சியிருப்பது நாளை ஒரு நாள்தான், அதுவும் திங்கட்கிழமை. செங்கோட்டை, அக்‌ஷர்தாம், ரயில் அருங்காட்சியகம் மூன்றுக்குமே விடுமுறை. ரயில் என்றால் மகளுக்கு உயிர்; பொம்மை ரயிலில் ஏற்றுகிறேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டேன்.

நேற்று குதுப் மினார். தள்ளுவண்டி படிகளில் ஏறவில்லை, மகனைத் தூக்கிக்கொண்டேதான் நடந்தேன். இன்று இந்தியா கேட். வெயிலில் அரை மணி நேரத்திலேயே இருவரும் அழ ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் மெட்ரோவில் சும்மா சுற்றினோம், அதில்தான் சிரித்தார்கள்.

நாளை மாலை 6 மணிக்கு நிஜாமுதீனில் ரயில். ஹுமாயூன் கல்லறை பக்கத்திலேயே இருக்கிறது, திங்களன்றும் திறந்திருக்கும். அதை ஒட்டியுள்ள சுந்தர் நர்சரி தோட்டத்தில் இந்த வயதுக் குழந்தைகளுக்கு மதியம்வரை பொழுது போகுமா?