ஜூலை நினைவுக் கூட்டத்தில் காப்பாத்தினவங்களைப் பத்திப் பேசலாமா?

கோத்தகிரிக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். நான் கோத்தகிரிப் பக்கம் டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) லயத்துல வளர்ந்தவ. இப்ப சத்துணவு அமைப்பாளரா இருக்கேன். எங்க காலனியில ஒவ்வொரு வருஷமும் ஜூலை கடைசி வாரத்துல, இலங்கையில தமிழருக்கு எதிரா நடந்த 1983 கலவரத்துல செத்தவங்களுக்கு விளக்கேத்துவோம். மாரியம்மன் கோயில் முன்னாடி இருக்கிற தகரக் கொட்டகையில நடக்கும். பெரிய கூட்டம் இல்ல, சிலோன்ல இருந்து வந்த குடும்பங்கள்தான். இந்த வருஷம் பசங்க, "வெறும் விளக்கு மட்டும் போதாது, கண்ணால பார்த்த யாராவது பேசணும்"னு சொல்லி என் பேரைப் போட்டுட்டாங்க.

எனக்கு அப்ப 11 வயசு. எங்க ஊர் இலங்கை மலையகத்துல இருக்கிற பதுளை. தோட்டத் தமிழர்ல ஒரு பகுதியை இந்தியா ஏத்துக்கிறதுன்னு 1964ல போட்ட சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி எங்களுக்கு இந்தியக் குடியுரிமை கிடைச்சிருந்துச்சு, ஆனா கப்பலேற நாள் வரலை. அப்பாவும் சித்தப்பாவும் பஜார்ல ஒரு துணிக்கடையில வேலை பார்த்தாங்க. கொழும்புல ஞாயித்துக்கிழமை ராத்திரி பொரளை மயானத்துக்கிட்ட ஆரம்பிச்சது, புதன்கிழமை, 27ஆம் தேதி, எங்க ஊருக்கு வந்துச்சு.

பக்கத்து வீட்டுல ஒரு சிங்கள அம்மா ஆப்பம் சுட்டு வித்தாங்க. ஆச்சின்னுதான் கூப்பிடுவோம். அவங்க எங்க அஞ்சு பேரையும் பின்பக்கம் விறகு ரூமுக்குள்ள விட்டு, வாசலை மறைச்சு விறகை அடுக்கிட்டாங்க. தம்பிக்கு இருமல். கித்துள் கருப்பட்டியைத் துணியில முடிஞ்சு அம்மா கையில கொடுத்துட்டுப் போனாங்க. அவன் அதைச் சப்பிக்கிட்டே இருந்தான், அம்மாவோட இன்னொரு கை அவன் வாய் மேலயே இருந்துச்சு. கூட்டம் வந்து ஆச்சிகிட்ட கேட்டது எங்களுக்கு உள்ள கேட்டுச்சு. ஆச்சி திண்ணையில மாவு சலிச்சுக்கிட்டே பதில் சொன்னாங்க. சல்லடையைத் தட்டுற சத்தம் ஒரு தடவைகூட நிக்கல. நின்னிருந்தா அவங்க பயந்துட்டாங்கன்னு வந்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு அம்மா பின்னாடி சொல்வாங்க. ஆச்சிக்கு அப்ப எப்படியும் 60 வயசு இருக்கும். ஒத்தப் பொம்பளை. மாட்டியிருந்தா அவங்க வீட்டையும் சேர்த்துக் கொளுத்தியிருப்பாங்க.

அதே நாள் மத்தியானம் சித்தப்பா ரோட்டுல செத்தார். கடையைப் பூட்டிட்டு வர்ற வழின்னு சொல்வாங்க.

ஆச்சியைப் பத்தியும் கூட்டத்துல பேசணும்னு நினைக்கிறேன். அண்ணன் வேண்டாங்குறார். "செத்தவங்களுக்கு விளக்கேத்துற இடத்துல சிங்களத்தி புகழ் பாடுவியா? சித்தி முன் வரிசையில உக்காந்திருப்பாங்க, அவங்க மூஞ்சியைப் பார்த்து உன்னால பேச முடியுமா? காப்பாத்தினவங்களைப் பேசப் பேச கொன்னவங்களை விட்டுட்ட மாதிரி ஆயிடும்"னு சொல்றார். அவர் கோபத்துல நியாயம் இருக்கு. ஆனா என் பிள்ளைங்க போன்ல பார்க்கிறது எல்லாம் எரியுற கடையும், கும்பல் அம்மணமா உக்கார வெச்ச அந்தத் தமிழ்ப் பையன் போட்டோவும்தான். அது உண்மை, மறைக்கச் சொல்லல. ஆச்சியும் உண்மைதானே? நீங்க என்ன நினைக்கிறீங்க?

பந்தலூர் கொழுந்து:

அக்கா, கட்டாயம் பேசுங்க. எங்க பாட்டி பண்டாரவளை. அவங்க சொன்ன கதையில எல்லாம் கொளுத்தினவன் முகம் இருக்காது, கும்பல்தான் இருக்கும். ஆனா கதவைத் திறந்தவங்க எந்தத் தெரு, என்ன வேலை, எத்தனை பிள்ளைங்க எல்லாம் சொல்வாங்க.

உங்க அண்ணன் பயப்படுறது எனக்குத் தலைகீழாத் தெரியுது. "எல்லாரும் வெறியில இருந்தாங்க, யாராலும் ஒண்ணும் பண்ண முடியல"ன்னு கொன்னவன் சொல்லிக்கலாம். 60 வயசு ஆப்பக்காரி ஒருத்தி அதே தெருவுல, அதே நாள்ல வேற மாதிரி நடந்துக்கிட்டாங்கன்னு தெரிஞ்சா அந்தச் சாக்கு எடுபடாது. ஆச்சியால முடிஞ்சது அவனாலயும் முடிஞ்சிருக்கும். அவன் மாட்டேன்னான். ஆச்சியைச் சொல்றது கொன்னவன் மேல பாரத்தை ஏத்தும், இறக்காது.

சேரம்பாடி பெரியவர்:

தங்கச்சி, நான் கண்டிக்காரன். உன் அண்ணன் சொல்றதுதான் சரின்னு எனக்குப் படுது.

அது தானாக் கிளம்பின சண்டை இல்ல. வாக்காளர் பட்டியலைக் கையில வெச்சுக்கிட்டு எது தமிழன் வீடுன்னு பார்த்து வந்தாங்க. கொழும்பு வெலிக்கடை ஜெயிலுக்குள்ள 25ஆம் தேதியும் 27ஆம் தேதியும் 53 தமிழ்க் கைதிகளைக் கொன்னாங்க. அரசாங்கத்தோட காவல்ல இருந்தவங்க அம்மா அவங்க. நாலு நாள் நாடு எரிஞ்ச பிறகு, 28ஆம் தேதி ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தன டிவியில பேசினார். செத்த தமிழனுக்காக ஒரு இரங்கல் வார்த்தை இல்ல அதுல. 2004ல ஜனாதிபதியா இருந்த சந்திரிகா மன்னிப்புக் கேட்டாங்க, சரி. தண்டனை?

நல்ல சிங்களவர் கதையை முன்னால வெச்சே இதையெல்லாம் பின்னால தள்ளினவங்களை நான் நிறையப் பார்த்துட்டேன். "பாருங்க, நாங்க எத்தனை தமிழரைக் காப்பாத்தினோம்"னு. காப்பாத்தினவங்க அப்படிப் பேச மாட்டாங்க. ஒண்ணும் செய்யாம நின்னவங்கதான் பேசுவாங்க.

என்னையும் ஒருத்தர் காப்பாத்தினார். ஒரு சிங்கள லாரி டிரைவர். காய்கறி மூட்டைக்கு நடுவுல படுக்க வெச்சு, தார்ப்பாயைப் போட்டு மூடி, கம்பளை தாண்டிக் கொண்டுவந்து விட்டார். காசு கொடுத்தேன், வாங்கல. அவரை நினைக்காம ஒரு நாள் போகாது எனக்கு. பேரனுக்கு அவர் கதையைச் சொல்லியிருக்கேன். அது வீட்டுல. விளக்கேத்துற நாள் செத்தவனோடது. அன்னைக்கு அவன் பேரைத்தான் சொல்லணும்.

ஊட்டி வாத்தியார்:

பெரியவர் சொன்னதில் ஒரு வார்த்தையையும் மறுக்க மாட்டேன். ஆனால் இரண்டையும் ஒரே இடத்தில் வைக்க முடியாது என்று நினைக்க வேண்டியதில்லை. வைத்துக் காட்டியவர்கள் இருக்கிறார்கள்.

ஜெருசலேமில் யாத் வஷேம் என்று ஒரு நினைவகம் உண்டு. நாஜிகள் கொன்ற 60 லட்சம் யூதர்களுக்காக 1953இல் சட்டம் இயற்றி அமைத்தது. அதே சட்டத்திலேயே, யூதர்களைக் காப்பாற்றத் தங்கள் உயிரைப் பணயம் வைத்த மற்ற இனத்தவரையும் நினைவுகூர வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். கொலை முடிந்து எட்டு வருடம்தான் ஆகியிருந்தது. காயம் ஆறியா இருக்கும்? 1963இலிருந்து ஒரு குழு ஒவ்வொருவராக விசாரித்து, இதுவரை 28,000க்கும் மேற்பட்டவர்களை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அவர்களுக்காக மரம் நட்டார்கள், இடம் போதாமல் போனதும் சுவரில் பெயர் பொறித்தார்கள். ஜெர்மானியர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

பெரியவரின் சந்தேகத்துக்குப் பதில் அவர்களுடைய விதிகளில் இருக்கிறது. நான் காப்பாற்றினேன் என்று ஒருவர் தானே வந்து சொன்னால் போதாது, உயிர் பிழைத்தவரின் சாட்சியமோ ஆவணமோ வேண்டும். உண்மையான ஆபத்தை ஏற்றிருக்க வேண்டும். பணம் கொடுத்தால்தான் என்று பேரம் பேசியிருக்கக் கூடாது. ஆகவே சும்மா நின்றவர்கள் அங்கே பெயர் வாங்க முடியாது. காப்பாற்றியவர்களையும் நினைவுகூரச் சொன்ன அந்தச் சட்டத்தால் நாஜிகள் மேல் வழக்கு நடப்பதும் நிற்கவில்லை. 1961இல் அதே ஊரில்தான் நாஜி அதிகாரி ஐக்மனை விசாரித்துத் தண்டித்தார்கள்.

உங்கள் ஆச்சிக்கும், பெரியவரின் லாரி டிரைவருக்கும் சாட்சி சொல்ல நீங்கள் இரண்டு பேரும்தான் இருக்கிறீர்கள். இன்னும் இருபது வருடம் கழித்து யார் இருப்பார்கள்?

குன்னூர் நர்ஸ்:

நான் மட்டக்களப்புக் குடும்பம், கல்யாணம் பண்ணி இங்க வந்தவ. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் அன்னைக்கு எங்க ஊர் சீயோன் சபைக்கும் குண்டோட ஒருத்தன் வந்தான். ரமேஷ் ராஜுன்னு ஒருத்தர் அவனை வாசல்லயே மறிச்சு உள்ள விடல. குண்டு வெளியிலயே வெடிச்சது. அவரும் போயிட்டார், சபைக் குழந்தைகளும் போயிட்டாங்க. உள்ள நூத்துக்கணக்கான பேர் இருந்தாங்க. இன்னைக்கு அந்த நாளைப் பத்தி எங்க சனம் பேசினா செத்த பிள்ளைகளையும் சொல்லும், ரமேஷையும் சொல்லும். பிரிச்சுப் பேசத் தெரியாது.

ஒண்ணு மட்டும் கேக்குறேன் அக்கா. சித்திகிட்ட கேட்டீங்களா? நீங்களும் அண்ணனும் சித்தி மனசு எப்படி இருக்கும்னு ஆளாளுக்கு நினைச்சுக்கிறீங்க. புருஷனைப் பறிகொடுத்தவங்க அவங்கதான். நான் ஆஸ்பத்திரியில தினம் பார்க்கிறேன், சொந்தக்காரங்க எல்லாரும் வராந்தாவுல நின்னு முடிவு பண்ணுவாங்க, கட்டில்ல இருக்கிறவங்ககிட்ட யாரும் கேக்க மாட்டாங்க. அவங்க வேண்டாம்னா விட்டுடுங்க. வேணும்னா அண்ணனால ஒண்ணும் சொல்ல முடியாது.

கோத்தகிரிக்காரி:

எல்லாருக்கும் நன்றி. நர்ஸ் தங்கச்சி சொன்னதைப் படிச்சதும் சாயங்காலமே சித்தி வீட்டுக்குப் போனேன். அண்ணனையும் கூட்டிட்டுப் போனேன்.

சித்தி ரிட்டயர் ஆகி ரொம்ப நாளாச்சு, ஆனா கொழுந்து கிள்ளின விரல் இன்னும் சும்மா இருக்காது. நான் பேசி முடிக்கிற வரைக்கும் கீரையை ஆய்ஞ்சுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் சொன்னாங்க: "ஆச்சியைச் சொல்லு, நான் ஏன் வேண்டாங்கப் போறேன்? மூணாம் நாள் முகாமுக்கு சோறு கட்டிக் கொண்டுவந்தது அவங்கதான். ஆனா உன் சித்தப்பாவை யாரு சொல்லப் போறா? வருஷா வருஷம் போட்டோவுக்கு மாலை போடுறீங்க. அந்த மனுஷன் எப்படிச் செத்தார்னு இந்தக் காலனியில ஒருத்தர் என்கிட்ட வாயைத் திறந்து கேட்டதுண்டா? மனசு நோகும்னு கேக்கல. கேக்காததுதான் எனக்கு நோகுது."

அண்ணனுக்குப் பேச்சே வரல. அன்னைக்கு ராத்திரி பத்து மணி வரைக்கும் சித்தி சொன்னாங்க, நாங்க கேட்டோம். எல்லாத்தையும் இங்க எழுத மாட்டேன். சித்தப்பா முதலாளிகிட்ட சாவியை ஒப்படைக்கணும்னு திரும்பிப் போயிருக்கார், அது எங்களுக்கே தெரியாது. பாதுகாப்பா ஒளிஞ்சிருந்தவர் அந்தச் சாவிக்காக வெளியில வந்திருக்கார்.

கூட்டத்துல முதல்ல அண்ணன் சித்தப்பாவைப் பத்திப் பேசுவார், சித்தி சொன்ன மாதிரியே, குறைக்காம. அப்புறம் நான் ஆச்சியைப் பத்திப் பேசுவேன். வெலிக்கடை, வாக்காளர் பட்டியல் எல்லாம் பிள்ளைங்களுக்குத் தெரியணும், அதையும் அண்ணன் சொல்வார். பெரியவரே, உங்களுக்கு வர முடிஞ்சா வாங்க. பேசச் சொல்லி வற்புறுத்த மாட்டோம். சேரம்பாடியில இருந்து கூடலூர் வழியா வர்றது தூரம்தான், ராத்திரி எங்க வீட்டுல தங்கிக்கலாம்.

இன்னொரு உதவி. ஆச்சி உயிரோட இருக்க வாய்ப்பில்ல. அவங்களுக்கு ஒரு மகள் இருந்தாங்க, பேரப்பிள்ளைகள் இருக்கலாம். 1984ல ராமானுஜம் கப்பல்ல ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாம்ல இருந்து இங்க வந்ததுக்கப்புறம் ஒரு கடிதம் போட்டோம், பதில் வரல. போய்ச் சேர்ந்துச்சான்னுகூடத் தெரியாது. பதுளைப் பக்கம் சொந்தம் இருக்கிறவங்க யாராவது விசாரிக்க முடியுமா? சிங்களத்துல எழுதத் தெரிஞ்சவங்களும் வேணும். எனக்குப் பேச்சே பாதி மறந்துபோச்சு.

சேரம்பாடி பெரியவர்:

பஸ்ஸுல வர்றேன் தங்கச்சி. பேசுறதா இல்லையான்னு வந்து பார்த்துக்கிறேன். சிங்களம் எனக்கு எழுதவே வரும், கடிதத்தை நான் எழுதித் தர்றேன்.

பந்தலூர் கொழுந்து:

பண்டாரவளையில என் மாமா பையன் இருக்கான் அக்கா, அடிக்கடி பதுளை போவான். தெரு, கடை பக்கத்து அடையாளம் எல்லாம் எனக்குத் தனியா அனுப்புங்க. இங்க பொதுவுல போடாதீங்க.