கிரனாடாவில் ஓராண்டு படிப்பு: வீடு, போலீஸ் அட்டை, தேர்வு முறை பற்றி வழி சொல்லுங்கள்

நொய்யல்:
வணக்கம். பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு முடிக்கப் போகிறேன். பரிமாற்றத் திட்டத்தில் ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழகத்தில் செப்டம்பர் முதல் ஜூன் வரை படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஸ்பானிஷில் ஏ2 (தொடக்க நிலை) முடித்து பி1 (இடைநிலை) படித்துக்கொண்டிருக்கிறேன். பாடங்கள் பெரும்பாலும் ஸ்பானிஷிலேயே இருக்கும்.

வீட்டுக்கு முன்பணம் இங்கிருந்தே அனுப்பி அறையை உறுதி செய்துவிடலாம் என்கிறார் அப்பா. அது சரியா? போய் இறங்கியதும் எந்தெந்த அலுவலகத்தில் எதை முதலில் பதிய வேண்டும்? அங்கே தேர்வும் மதிப்பெண்ணும் எப்படி? நான் சுத்த சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவேன். ஊர் சுற்றுவதைப் பற்றி நிறையப் படித்துவிட்டேன். இந்த விஷயங்களைத்தான் யாரும் விவரமாக எழுதுவதில்லை.

செந்நிறக்கோட்டை:
வாழ்த்துகள் தங்கச்சி. பத்து மாதம் என்பதால் உங்களுக்கு 180 நாளைத் தாண்டிய மாணவர் விசா. அதற்குப் போலீஸ் நன்னடத்தைச் சான்றும் மருத்துவச் சான்றும் கூடுதலாக வேண்டும். போலீஸ் சான்றுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை, பிறகு ஸ்பெயின் அரசு அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளரின் ஸ்பானிஷ் பெயர்ப்பு. பணக் கையிருப்பை ஸ்பெயின் அரசின் இப்ரெம் என்ற வருமான அளவுகோலை வைத்துப் பார்ப்பார்கள். அது மாதம் 600 யூரோ, ஆக பத்து மாதத்துக்கு 6,000. மருத்துவக் காப்பீட்டில் 'சின் கோபாகோஸ்' என்று இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு முறையும் நாம் ஒரு பங்கு கட்டும் பாலிசி என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பயணக் காப்பீடும் செல்லாது.

இறங்கிய பிறகு வரிசை முக்கியம்: வீடு, அப்புறம் முகவரிப் பதிவு, அப்புறம் போலீஸ் அட்டை. இந்த வரிசை குலைந்தால் அலைச்சல்தான். விசா ஸ்டிக்கர் சில சமயம் 90 நாளுக்குத்தான் இருக்கும். உள்ளே நுழைந்த ஒரு மாதத்துக்குள் டி.ஐ.இ. என்ற வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு (போலீஸ் அட்டை என்றது இதைத்தான்) விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் என்.ஐ.இ. என்ற வெளிநாட்டவர் அடையாள எண் விசாவிலேயே அச்சாகியிருக்கும், அதற்குத் தனியாக அலைய வேண்டாம்.

முகவரிப் பதிவுக்கு 'எம்பத்ரோனாமியெந்தோ' என்று பெயர். நகராட்சியில் நேரம் முன்பதிவு செய்து, பாஸ்போர்ட்டும் வாடகை ஒப்பந்தமும் கொண்டுபோனால் 'வொலாந்தே' என்ற தாள் கொடுப்பார்கள். ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் இல்லை, வேறொரு மாணவி எடுத்த வீட்டில் ஓர் அறை என்றால், அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் அவருடைய அடையாள அட்டை நகலும் தேவை. சில வீட்டுக்காரர்கள் வாடகையைக் கணக்கில் காட்டுவதில்லை, அதனால் பதியவே விடமாட்டார்கள். ஆகவே பணம் கொடுக்குமுன் 'மே புவேதோ எம்பத்ரோனார்?' (இங்கே முகவரி பதியலாமா?) என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். மழுப்பினால் அந்த வீடு வேண்டாம்.

டி.ஐ.இ.க்கு இணையத்தில் கிரனாடா மாகாணம், போலீஸ், 'தோமா தே ஹுவெய்யாஸ்' (விரல்ரேகை எடுத்தல்) என்று தேர்ந்தெடுத்து நேரம் வாங்க வேண்டும். இது இலவசம். காசு வாங்கிக்கொண்டு நேரம் விற்பவர்களிடம் போகாதீர்கள். செப்டம்பர், அக்டோபரில் வெளிநாட்டு மாணவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மோதுவார்கள். அதனால் வீடு முடிந்த அன்றே முயற்சியைத் தொடங்குங்கள், வொலாந்தே கைக்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கையில் இருக்க வேண்டியவை: நிரப்பிய ஈ.எக்ஸ்-17 படிவம், 790-012 கட்டணத் தாள் (சுமார் 16 யூரோ, வங்கியில் கட்டி முத்திரையோடு), பாஸ்போர்ட், அதன் முகப்பு, விசா, நுழைவு முத்திரைப் பக்கங்களின் நகல், பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதம், வொலாந்தே, ஒரு புகைப்படம். பல வங்கிக் கிளைகள் இந்தக் கட்டணத்தைக் காலையில் சில மணி நேரம் மட்டும்தான் வாங்கும். அதனால் போலீஸ் நேரத்துக்கு முந்தைய நாளே கட்டிவிடுங்கள். பிராங்க்பர்ட் அல்லது பாரிஸ் வழியாகப் போனால் முத்திரை அந்த ஊருடையதாக இருக்கும். ஸ்பெயினுக்குள் வந்த தேதியைக் காட்ட போர்டிங் பாஸைப் பத்திரமாக வையுங்கள்.

விரல்ரேகை எடுத்ததும் 'ரெஸ்குவார்தோ' என்ற ரசீது தருவார்கள். அட்டை வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும், சில சமயம் அதற்கும் மேல். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்கு வர நினைத்தால் இங்கேதான் சிக்கல்: விசா காலாவதியாகி, அட்டையும் கைக்கு வராவிட்டால், வெளியே போகலாம், திரும்ப உள்ளே வர முடியாது. அதற்கு ஈ.எக்ஸ்-13 படிவத்தில் 'திரும்பி வரும் அனுமதி' வாங்க வேண்டும். அதற்கும் வரிசை உண்டு. ஆகவே டிக்கெட்டை அட்டை கைக்கு வந்த பிறகு எடுங்கள்.

மூன்றாவது_மாடி:
அப்பாவிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்: பார்க்காத வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டாம். 'நான் இப்போது லண்டனில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவி கூரியரில் வரும்' என்று எழுதுபவர்கள் அத்தனை பேரும் ஏமாற்றுக்காரர்கள். படத்தில் வீடு பளிச்சென்று, வாடகை மட்டும் அக்கம்பக்கத்தைவிட மிகக் குறைவு என்றால் அதுவே அடையாளம். முதல் இரண்டு வாரத்துக்கு விடுதியோ ஹோஸ்தால் என்ற சிறிய ஓட்டலோ எடுத்துக்கொண்டு, நேரில் போய்ப் பாருங்கள். கிரனாடா மாணவர் ஊர். சுவரிலும் விளக்குக் கம்பத்திலும்கூட அறை விளம்பரம் ஒட்டியிருக்கும்.

பொருளாதாரத் துறை கார்த்துஹா வளாகத்தில், நல்ல மேட்டில் இருக்கிறது. பேத்ரோ அந்தோனியோ தே அலார்கோன் தெரு, காமினோ தே ரோந்தா, பிளாசா தே தோரோஸ் பக்கம் மாணவர்கள் அதிகம் இருப்பார்கள். அல்பைசின் என்ற பழைய பகுதி அழகுதான், ஆனால் படிக்கட்டுச் சந்துகள். மளிகைப் பையோடு தினமும் ஏறிப் பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

வீடு பார்க்கும்போது முதல் கேள்வி குளிர்காலச் சூடு. தெற்கு ஸ்பெயின்தானே என்று நினைத்துவிடாதீர்கள். ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில், சியெரா நெவாதா மலையடியில் இருக்கிறது. ஜனவரி இரவில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்கும். பழைய வீடுகள் கோடை வெயிலுக்காகக் கட்டியவை, உள்ளே தெருவைவிடக் குளிரும். 'கலெஃபாக்சியோன் சென்த்ரால்' (கட்டடம் முழுக்கப் பொதுவான சூடேற்றும் வசதி) இருந்தால் முதலிடம் கொடுங்கள். அறை 'எக்ஸ்தெரியோர்' என்றால் ஜன்னல் தெருப்பக்கம். 'இன்தெரியோர்' என்றால் உள்முற்றம், வெயில் வராது, துணி காயாது, சுவரில் பூஞ்சை பிடிக்கும்.

அடுத்தது மின்சாரம். பல வீடுகளில் ஒப்பந்தச் சுமை 3.45 கிலோவாட்தான். சூடேற்றி 2,000 வாட், ஓவன் 2,000 வாட்: இரண்டையும் ஒன்றாகப் போட்டால் கரன்ட் போய்விடும். பதறாமல் ஒன்றை அணையுங்கள். வாசலுக்குப் பக்கத்துப் பெட்டியில் எந்த விசையும் விழாமலே இருட்டாக இருந்தால், வெட்டியது ஸ்மார்ட் மீட்டர். அப்போது முதன்மை விசையைக் கீழே இறக்கி, சில விநாடி விட்டு மேலே தூக்கினால் வந்துவிடும். நேரத்துக்கு ஒரு விலை உள்ள திட்டமானால், வார நாளில் காலை 10 முதல் 2 வரையும் மாலை 6 முதல் 10 வரையும் விலை உச்சம். நள்ளிரவு முதல் காலை 8 வரையும், சனி, ஞாயிறு முழுக்கவும் மலிவு. துணி துவைக்கும் இயந்திரத்தை அப்போது ஓட்டுங்கள். 'செலவுகள் அடக்கம்' என்று சொன்னாலும் மாதத்துக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்திருப்பார்கள். அது எவ்வளவு என்று கேளுங்கள், இல்லாவிட்டால் பிப்ரவரியில் கையைக் கடிக்கும்.

வெந்நீர் கேஸில் வருகிறது என்றால், ஆரஞ்சு நிற 12.5 கிலோ புடானோ (பியூட்டேன் வாயு) சிலிண்டரா என்று பாருங்கள். காலியானால் யார் வாங்குவது, யார் மாடிக்குத் தூக்குவது என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும். அந்த ஹீட்டர் இருக்கும் இடத்தில் காற்றுத் துளை அடைபட்டிருந்தால் கார்பன் மோனாக்சைடு தேங்கும், உயிருக்கே ஆபத்து. குளிர் என்று யாராவது அட்டையோ துணியோ வைத்து அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

முன்பணத்துக்கு 'ஃபியான்சா' என்பார்கள். வழக்கமாக ஒரு மாத வாடகை, பருவகால ஒப்பந்தத்தில் இரண்டு மாதமும் கேட்கலாம். சாவி வாங்கிய அன்றே சுவர்க் கறை, மெத்தை, அடுப்பு, கதவு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடுங்கள். தேதியோடு அவர் கையிலேயே சாட்சி இருக்கும். ஜூனில் முன்பணத்தில் பிடித்தம் செய்ய வந்தால் அதுதான் பேசும்.

ஐந்துக்கு_மேல்:
படிப்பு பற்றி. மதிப்பெண் 0 முதல் 10 வரை, 5 எடுத்தால் தேர்ச்சி. 7க்கு மேல் 'நோதாப்லே' (நன்று), 9க்கு மேல் 'சொப்ரெசாலியென்தே' (மிகச் சிறப்பு). நம் ஊர்க் கணக்கில் 7ஐ 70 சதவீதம் என்று நினைத்து வருத்தப்படாதீர்கள், அங்கே அது நல்ல மதிப்பெண். உங்கள் கல்லூரி அதை எப்படி மாற்றிக்கொள்ளும் என்பதைக் கிளம்புமுன் எழுத்தில் வாங்குங்கள். எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்ற பட்டியலில் துறைத்தலைவர் கையெழுத்தும் வேண்டும். வாய்வார்த்தையாக விட்டால், திரும்பி வரும்போது துறைத்தலைவர் மாறியிருப்பார்.

ஒரு பாடம் பெரும்பாலும் 6 ஈ.சி.டி.எஸ். (ஐரோப்பியக் கிரெடிட் அலகு). ஒரு ஈ.சி.டி.எஸ். என்பது 25 மணி நேர உழைப்பு, அதாவது ஒரு பாடத்துக்கு 150 மணி நேரம். ஒரு பருவத்துக்கு முழுச் சுமை 30. பி1 மொழியோடு முதல் பருவத்தில் ஐந்து பாடம் கனம்தான். கல்லூரி சம்மதித்தால் நான்கு போதும்.

பாடம் தேர்ந்தெடுக்குமுன் ஒவ்வொன்றுக்கும் 'கீயா தோசென்தே' என்ற ஆவணத்தைப் படியுங்கள், இணையத்திலேயே இருக்கும். எத்தனை சதவீதம் தேர்வு, எத்தனை சதவீதம் குழுப்பணி, தேர்வில் குறைந்தபட்சம் எவ்வளவு எடுத்தால் மற்ற மதிப்பெண்ணைக் கூட்டுவார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இந்தக் கடைசி விதியில்தான் பலர் விழுகிறார்கள்: குழுப்பணியில் முழு மதிப்பெண் எடுத்தும், இறுதித் தேர்வில் அந்த அடிமட்டத்தைத் தொடாததால் பாடமே போய்விடும்.

'எவால்வாசியோன் கொன்தினுவா' என்றால் பருவம் முழுக்கச் சிறுதேர்வு, பயிற்சி, வருகை எல்லாம் சேரும். ஒரே இறுதித் தேர்வு வேண்டுமென்றால் கிரனாடாவில் பாடம் தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் நிலைக்குத் தொடர் மதிப்பீடுதான் நல்லது என்பேன். ஒரே தேர்வில் மூன்று மணி நேரம் ஸ்பானிஷில் எழுதுவதைவிட, வாராவாரம் கொஞ்சம் சேர்ப்பது மேல். கொள்குறி வினாத்தாளில் தவறான விடைக்குக் கழிப்பது அங்கே சகஜம். தெரியாத கேள்விக்கு நம் வழக்கப்படி குத்துமதிப்பாகக் குறிக்காதீர்கள்.

மொழி வலுவாகும் வரை நுண்ணினப் பொருளியல், புள்ளியியல், கணிதம் மாதிரிப் பாடங்கள் கைகொடுக்கும். பலகையில் வரைபடமும் சமன்பாடும் இருக்கும், பேச்சு தவறினாலும் பிடித்துக்கொள்ளலாம். பொருளாதார வரலாற்றை இரண்டாம் பருவத்துக்கு வையுங்கள். பேராசிரியர்களுக்கு 'துதோரியா' என்று வாராந்தர நேரம் உண்டு. மின்னஞ்சலில் சொல்லிவிட்டுப் போனால் பொறுமையாக விளக்குவார்கள். நம் மாணவர்கள் தயங்கித் தயங்கியே அந்த நேரத்தை வீணாக்குகிறார்கள். தயவுசெய்து முதல் மாதமே போங்கள்.

முதல் பருவத் தேர்வு ஜனவரியில். தவறினால் மறுவாய்ப்பு பிப்ரவரியில், அதே கல்வியாண்டிலேயே. நம் ஊர் அரியர் மாதிரி அடுத்த ஆண்டுவரை இழுக்காது.

நொய்யல்:
எல்லாருக்கும் மிக்க நன்றி. அப்பாவுக்கு வீடு பற்றி இங்கே எழுதியதை அப்படியே படித்துக் காட்டிவிட்டேன். சாப்பாடும் பேச்சு வழக்கும்தான் மீதி. கிரனாடா இருக்கும் ஆந்தலூசியா பகுதியின் உச்சரிப்பு புரியவே புரியாது என்று பயமுறுத்துகிறார்கள். குக்கர் கொண்டுபோகலாமா? புகைப்படம் இங்கேயே எடுத்துக்கொள்ளலாமா?

கொண்டைக்கடலை:
'சின் கார்னே' (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் போதாது. பன்றித்தொடையான ஹமோனையும் சூரை மீனையும் அங்கே பலர் 'இறைச்சி' என்ற கணக்கில் சேர்ப்பதில்லை. 'என்சலாதா மிக்ஸ்தா' சாலடில் சூரை இருக்கும். பச்சை பீன்ஸில் ஹமோன் துண்டு. பருப்புச் சாறான 'லென்தேஹாஸ்' பெரும்பாலும் சொரீசோ என்ற பன்றி சாசேஜ் போட்டது. குளிர்ந்த தக்காளிச் சாறு சல்மொரேஹோ மேலே முட்டையோடு ஹமோன் தூவி வரும். ஆகவே 'நோ கோமோ கார்னே, நி பெஸ்காதோ, நி ஹமோன், நி அத்தூன்' (இறைச்சி, மீன், ஹமோன், சூரை எதுவும் சாப்பிடமாட்டேன்) என்று முழுசாகச் சொல்லுங்கள். கிரனாடாவில் பானம் வாங்கினால் தபா என்ற சிறு தின்பண்டத் தட்டு இலவசம். பல கடையில் அதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, அதனால் பானம் சொல்லும்போதே இதையும் சொல்லிவிட வேண்டும்.

நம்பிச் சாப்பிட: உருளைக்கிழங்கு முட்டை தொர்தியா, கரும்புப் பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல், கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்த 'எஸ்பினாகாஸ் கொன் கர்பான்சோஸ்'. கடைசியதில் மட்டும் இறைச்சிச் சாறு ஊற்றினார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மதிய உணவு இரண்டுக்குத் தொடங்கும், இரவு ஒன்பதுக்கு முன் பல உணவகச் சமையலறை திறக்காது. ஞாயிறு பெரிய கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வையுங்கள்.

சமைக்க அரிசி வாங்கும்போது 'போம்பா' வேண்டாம், அது பயேயா என்ற ஸ்பானிஷ் சோற்று உணவுக்கானது. 'லார்கோ' (நீள அரிசி) அல்லது பாஸ்மதி எடுங்கள். குக்கர் கொண்டுபோகலாம், ஆனால் ஸ்டீலில், அடி தட்டையாக. பல வீட்டில் கேஸ் அடுப்பு கிடையாது. அலுமினியக் குக்கர் கண்ணாடித் தட்டு அடுப்பில் வேலை செய்யும், இன்டக்‌ஷனில் சூடே ஆகாது. மின்னழுத்தம் நம் ஊரைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மிக்ஸிக்குப் பிளக் மாற்றி மட்டும் போதும்.

பேச்சு: அங்கே 'மாஸ் ஓ மேனோஸ்' என்பது 'மா ஓ மேனோ' ஆகும், 'பெஸ்காதோ' என்பது 'பெஹ்காவோ' ஆகும், ஊர்ப்பெயரே 'கிரனா' ஆகிவிடும். அசையின் கடைசியில் வரும் 'ஸ்' ஒலியும், நடுவில் வரும் 'த'வும் விழுகின்றன என்று தெரிந்துகொண்டாலே பாதி பயம் போய்விடும். இப்போதிலிருந்தே தினம் அரைமணி நேரம் கனால் சூர் வானொலி கேளுங்கள். 'வொசோத்ரோஸ்' (பலரைப் பார்த்துச் சொல்லும் 'நீங்கள்') வினை வடிவங்களையும் நன்றாகப் பழகுங்கள். லத்தீன் அமெரிக்கப் பாடம் படித்தவர்கள் அதைத் தொட்டிருக்கமாட்டார்கள், வகுப்பிலோ வாய்க்கு வாய் அதுதான் வரும்.

செந்நிறக்கோட்டை:
புகைப்படம் அங்கேயே எடுங்கள். நம் பாஸ்போர்ட் அளவு பெரிது. அவர்கள் கேட்பது 32க்கு 26 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி, முகம் நேராக. புகைப்படச் சாவடியிலோ கடையிலோ 'தமாஞ்ஞோ கர்னே' என்றால் தருவார்கள். இன்னொன்று: வகுப்பு செப்டம்பர் நடுவில் தொடங்கும். விசா தொடங்கும் தேதியை அதற்கு இரண்டு வாரம் முன்பாகக் கேளுங்கள், இல்லாவிட்டால் வீடு தேடும் நாளும் வகுப்பு தொடங்கும் நாளும் ஒன்றாகிவிடும்.