ஹாலுக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று: மும்பை வீடுகளில் சரவுண்ட் ஸ்பீக்கர் அனுபவங்கள்

செம்பூரிலிருந்து:
படம் பார்க்கும்போது பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் ஒலி தருவதுதான் சரவுண்ட் ஸ்பீக்கர். எங்கள் ஹால் 10-க்கு 14 அடி. சோபா பின்சுவரை ஒட்டித்தான் கிடக்கும், வேறு இடமில்லை. லாமிங்டன் ரோட்டில் ஒரு கடைக்காரர், முன்னால் இருப்பது போலவே பின்னாலும் டவர் (தரையில் நிற்கும் உயரமான ஸ்பீக்கர்) வையுங்கள் என்றார். சரி என்று சோபாவின் இரு பக்கமும் வைத்துவிட்டேன். வலது ஓரம் அம்மாவின் இடம். படம் முடிந்ததும், "மழைச் சத்தம்தான் கேட்டது, யார் என்ன பேசினார்கள் என்றே புரியவில்லை" என்றார். நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அதுதான் மனதை உறுத்தியது.

அளந்து பார்த்தேன். அம்மாவுக்கு வலது ஸ்பீக்கர் 2 அடியில், இடது 8 அடியில். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர் எதிரொலி இருப்பதால் அவ்வளவு குறையாது. ஆனாலும் பக்கத்தில் இருப்பதுதான் மற்றதை அமுக்கும்.

டவரை விற்றுவிட்டு பைபோல் ஸ்பீக்கர் வாங்கினேன். முன்னும் பின்னுமாக இரு பக்கம் ஒலிக்கும், நேராகக் காதில் அடிக்காது. உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்துக்கு 2 அடி மேலே, பக்கச் சுவரில் மாட்டினேன். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலியெல்லாம் அதற்கென்றே இருக்கும் சப்வூஃபர் பெட்டிக்குப் போகிறது, அதனால் சின்னப் பெட்டியே தாராளம். இப்போது அம்மா வசனம் கேட்டுச் சிரிக்கிறார்.

டோம்பிவிலியிலிருந்து:
படுக்கையறையில் நான் சரவுண்டையே எடுத்துவிட்டேன். கட்டில் தலைமாட்டுக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழையாது. பேச்சுக்கு நடுவில் ஒரு சென்டர் ஸ்பீக்கர், இரு பக்கமும் புக்ஷெல்ஃப் எனும் சின்ன ஸ்பீக்கர் இரண்டு, போதும். ராத்திரி, ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரில் நைட் மோடு போட்டால் வெடிச் சத்தம் அடங்கும், பேச்சு தெளிவாக இருக்கும். கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டி ஒரு வருஷம் ஆகிறது.

மாட்டுங்காவிலிருந்து:
செம்பூர் சார், எங்களுடையது பழைய கட்டடம். நீள ஹால், சோபாவுக்குப் பின்னால் 6 அடி காலி. இங்கே பைபோல் எனக்குப் பிடிக்கவில்லை, சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடவில்லை. சாதாரண புக்ஷெல்ஃபை ஸ்டாண்டில் வைத்து, உட்காருபவருக்கு நேர் முன்பக்கத்தை 0 என்று வைத்து 110 டிகிரி கணக்கில், காதுக்குக் கொஞ்சம் பின்னால் தள்ளினேன். கார் ஒன்று பின்னாலிருந்து வந்து கடப்பது அப்படியே கேட்டது. அப்புறம் மொசைக் தரை. கை தட்டினால் கணகணவென்று எதிரொலிக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த பவானி ஜமக்காளத்தை விரித்த பிறகுதான் அது அடங்கியது.

செம்பூரிலிருந்து:
ஜமக்காளம் எங்கள் பரணிலும் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் போட்டுவிட்டு, இந்த முறை ரிசீவரின் ஒலி அளக்கும் மைக்கை அம்மா இடத்திலும் வைத்து அளக்கிறேன்.