கல்லூரியில் ஸ்பானிய மொழி: ஸ்பெயின் வழக்கா, லத்தீன் அமெரிக்க வழக்கா?

கேள்வி:

வணக்கம். நான் நாகர்கோவிலைச் சேர்ந்தவள். டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஸ்பானிய இளங்கலை முதலாண்டு படிக்கிறேன். லத்தீன் அமெரிக்கக் கதைகளை மூலத்திலேயே படிக்க வேண்டும் என்ற ஆசையால்தான் இம்மொழியைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் எங்கள் பாடநூல் ஸ்பெயின் வழக்கையே பின்பற்றுகிறது. நெருக்கமான பலரை அழைக்க அங்கே 'போசோத்ரோஸ்' என்கிறார்கள். மெக்சிகோவிலோ எல்லாருக்கும் 'உஸ்தேதெஸ்' என்பதே வழக்கு. இரண்டையும் சேர்த்துக் கற்றால் குழம்பிவிடுவேனோ என்று அஞ்சுகிறேன். எதை முதலில் பற்றிக்கொள்வது?

மறுமொழி 1:

தங்கையே, பேசவும் எழுதவும் வகுப்பில் கற்பிக்கும் வழக்கையே கைக்கொள்ளுங்கள். கேட்பதற்கும் படிப்பதற்கும் எல்லா நாட்டு வழக்குக்கும் இடம் கொடுங்கள். அடிப்படை இலக்கணம் ஒன்றுதான். அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் நகரத்தார் 'நீ' என்று பொருள்படும் 'தூ' என்பதற்குப் பதில் 'போஸ்' என்பார்கள், அதற்கேற்ப வினைமுற்றும் சற்று மாறும்; கொலம்பியாவின் பொகோட்டாவில் நெருங்கியவர்களிடையேகூட மரியாதைச் சொல்லான 'உஸ்தெத்' புழங்குவதுண்டு. நீ, நீர், நீங்கள் என்று ஆள் பார்த்துப் பேசி வளர்ந்த நமக்கு இந்த நுட்பம் விரைவில் பிடிபடும்.

மறுமொழி 2:

தமிழ் உங்களுக்குப் பெருந்துணை என்பதை மறந்துவிடாதீர்கள். 'பேசுகிறேன்' என்றாலே பேசுபவர் யார் என்று விளங்குவதுபோல, 'ஆப்லோ' என்ற ஒரு சொல்லிலேயே 'நான்' அடங்கியிருக்கிறது. 'மே குஸ்தா' என்பதை ஆங்கிலத்தின் வழியாகப் புரிந்துகொள்ள முயன்று நான் பல வாரங்கள் தடுமாறினேன். 'எனக்குப் பிடிக்கும்' என்று ஒருநாள் தமிழில் நினைத்துப் பார்த்ததும் தெளிந்துவிட்டது. 'பெரோ' என்றால் 'ஆனால்', 'பெர்ரோ' என்றால் 'நாய்'. ர, ற வேறுபாடு இன்னும் கேட்கும் குமரி மாவட்டப் பேச்சு உங்களுக்கு இங்கே கைகொடுக்கும். உண்மையில் உழைப்பைக் கேட்பவை வேறு: மேசைக்கும் பெண்பால் கற்பிக்கும் முறையும், 'இரு' என்றே பொருள்படும் 'செர்', 'எஸ்தார்' என்ற இரு வினைகளுக்கிடையிலான வேறுபாடும்.

மறுமொழி 3:

பண்பாட்டைத் தனிப்பாடமாக ஒதுக்கிவைக்காமல் சொற்களின் வழியாகவே கற்கலாம் என்பது என் கருத்து. உருளைக்கிழங்கை லத்தீன் அமெரிக்கர்கள் 'பாப்பா' என்கிறார்கள். அது ஆண்டீஸ் மலைமக்களின் கெச்சுவா மொழிச் சொல். ஸ்பெயினின் பெரும்பகுதியில் அதுவே 'பத்தாத்தா'. தக்காளியைக் குறிக்கும் 'தொமாத்தே' மெக்சிகோவின் நாவாட்டில் மொழி தந்தது. சர்க்கரையைக் குறிக்கும் 'அசூக்கார்' அரபு வழியாக வந்தது. அதன் வேரைத் தேடிப் போனால் நம் 'சர்க்கரை'க்கும் மூலமான வடசொல்லில் வந்து நிற்கும். 711 முதல் 1492 வரை ஐபீரிய மண்ணில் நிலவிய இசுலாமிய ஆட்சியின் தடம் அது. அங்கே இசுலாமியரின் கடைசி அரசான கிரனாடா வீழ்ந்த அதே 1492-இல்தான் கொலம்பஸ் கடல் கடந்தார். நெப்ரிஹா என்ற அறிஞர் எழுதிய காஸ்தீலிய (அதாவது ஸ்பானிய) இலக்கணமும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. ஆகவே இரு கரைகளின் வரலாற்றையும் சேர்த்தே படியுங்கள்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் மிக்க நன்றி. தேர்வில் லத்தீன் அமெரிக்க வழக்கில் எழுதினால் பிழையாகக் கொள்வார்களா?

மறுமொழி 1:

ஸ்பெயின் அரசின் செர்வான்தெஸ் நிறுவனத்தின் ஸ்பானிய மொழித்திறன் தேர்வான 'தெலே' (DELE) எந்த நாட்டின் செம்மையான வழக்கையும் ஏற்கிறது. ஆனால் ஒரே கடிதத்தில் நண்பர்களை முதல் பத்தியில் 'போசோத்ரோஸ்' என்றும் அடுத்ததில் 'உஸ்தேதெஸ்' என்றும் அழைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரித் தேர்வுக்கு மட்டும் உங்கள் ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.